தரம் ஆறுக்கு வந்த ஊசி

கண்டாவளை,
16.02.2025

அன்புத் தங்கச்சி சுதாஜினிக்கு,

அக்கா பத்மாசனி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். வயல் வெட்டி முடிந்த கையோடு உன் அத்தானுக்கு வழமையான இடுப்பு வலி வந்திருக்கிறது. அது வருடா வருடம் வருகிற விருந்தாளிதானே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பொங்கலுக்கு வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை, காரணமும் சொல்லவில்லை.

போன் எடுக்காமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரி. போனில் இரண்டு பேர் கதைத்தால் மூன்றாவது ஆள் ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். இது பெண்பிள்ளையின் விஷயம், அவனுக்குத் தேவையில்லை.

சாரங்கா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்திருக்கிறாள். தரம் ஆறில் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடப் போகிறார்களாம், ஆறு மாதம் கழித்து இன்னொன்றாம், பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏன் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்? பெடியன்களுக்கு என்ன, இரும்பு உடம்பா? காய்ச்சல் மாத்திரைக்கு வரிசையில் நிற்க வைக்கிறவர்கள், இதற்கு மட்டும் வகுப்பைத் தேடி வருகிறார்களே, ஏன்?

பக்கத்து வீட்டுத் தனுஷா போன வருடம் இந்த ஊசி போட்டவள். போட்டு இரண்டு கிழமையில் பெரியபிள்ளை ஆகிவிட்டாள். ஊசிதான் அவசரப்படுத்தியது என்கிறாள் தாய். கனகராயன்குளத்தில் இருந்து வந்த ஒரு பெண்ணோ, "இந்த ஊசி போட்டால் பிறகு பிள்ளையே தங்காது" என்று சந்தையில் சொன்னாள். இரண்டும் ஒரே ஊசிதான். எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டுக்கும் பயப்படுகிறேன்.

யுத்தம் முடிந்து முகாமில் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கையில் குத்தினது உனக்கு நினைவிருக்கும். "என்ன ஊசி எண்டு சொல்லுங்கோவன்" என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சாரங்கா வயிற்றில் வருவதற்கு நான் எத்தனை கோயில் படி ஏறினேன் என்பது உனக்குத் தெரியும். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. அவளுக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

நீ அந்த வேலை செய்கிறவள். மிட்வைஃப்பாக எழுதாதே, தங்கச்சியாக எழுது.

உன்னை எண்ணியபடி,
அக்கா

*

ஓமந்தை,
26.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். அத்தானின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். குனிந்து மூட்டை தூக்க விடாதீர்கள்.

அக்கா, இந்த ஊசி கருப்பைக் கழுத்தில் வருகிற புற்றுநோயைத் தடுப்பது. அந்த நோயை ஒரு வைரஸ் கொண்டுவருகிறது. பிள்ளை வளர்ந்து கலியாணம் கட்டுவதற்கு எவ்வளவோ முன்பு போட்டால்தான் நல்ல பாதுகாப்பு. பெண்ணுக்குத்தான் கருப்பை இருக்கிறது, அதனால் பெண்பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிறார்கள். பிள்ளை பெறுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தனுஷாவுக்கு அந்த வயது வந்தது, ஆனாள். ஊசி போடாத பிள்ளைகளும் ஆகிறார்கள்தானே. எங்கள் பிரிவில் இந்த ஊசி போடும்போது நான் எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

முகாமில் நடந்ததை நான் மறக்கவில்லை. கேட்டவளுக்குப் பதில் சொல்லாதது பிழைதான். அதனால்தான் இப்போது கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பொங்கலுக்கு வர முடியவில்லை. கிளினிக் வேலை, கொஞ்சம் களைப்பு. சாரங்காவுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
சுதா

*

கண்டாவளை,
06.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ எழுதிய இரண்டு சொல் எனக்குப் போதவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. என் தங்கச்சி எங்கே? வைரஸ் வருகிறது என்று எழுதினாய். எங்கேயிருந்து வருகிறது? தண்ணீரிலா, காற்றிலா? அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டாய். வகுப்பு ரீச்சர் பிரியந்தினியிடம் கேட்டேன். "அது... பெரியாக்களின்ர விசயம் அன்ரி" என்று முகம் சிவந்து கொப்பியை அடுக்கத் தொடங்கிவிட்டா. பெரிய ஆட்களின் விஷயத்துக்குப் பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் ஏன் குத்துகிறீர்கள்?

இன்னொன்று. தங்கராசா அண்ணை ஓமந்தையில் மகளைப் பார்க்கப் போய்வந்தார். "உங்கட தங்கச்சி மிஸ்ஸி கனநாளா லீவாம், வேற ஆள்தான் வாறா" என்றார். நீ எனக்குக் கிளினிக் வேலை என்று எழுதியிருக்கிறாய். இரண்டில் எது பொய்? ஊசியில் ஏதாவது பிழை நடந்து உன்னை ஒதுக்கி வைத்திருக்கிறார்களா? அப்படி என்றால் எனக்கு மட்டுமாவது சொல்லு.

அக்கா

*

ஓமந்தை,
15.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். நான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். அந்த வைரஸ் ஆணும் பெண்ணும் சேர்வதால் வருவது. கெட்ட நடத்தைக்காரிக்கு வருவது என்று நினைக்காதீர்கள். தாலி கட்டிய ஒரே ஒரு புருஷனோடு வாழ்ந்தவளுக்கும் வரும். வந்து வருடக்கணக்காகச் சத்தம் போடாமல் கிடக்கும். அதனால்தான் அந்தக் கதையே தொடங்காத வயதில் போடுகிறோம். ரீச்சர் முகம் சிவந்தால் அது அவவின் கூச்சம், ஊசியின் குற்றம் இல்லை.

எனக்கு ஒரு பயிற்சி. யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. தங்கராசா அண்ணை அதைத்தான் லீவு என்று கேள்விப்பட்டிருப்பார். ஊசியில் ஒரு பிழையும் நடக்கவில்லை.

கையெழுத்து வையுங்கள் அக்கா. வேறு எதுவும் நான் உங்களிடம் கேட்கவில்லை.

சுதா

*

கண்டாவளை,
29.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். ஊசி போட வந்த அன்று சாரங்கா பள்ளிக்கூடம் போகவில்லை. பெரியபிள்ளை ஆகிவிட்டாள். துடக்கோடு எப்படி அனுப்புவது? வீட்டில்தான் இருக்கிறாள்.

உனக்குப் பயிற்சி என்றபடியால் வரச் சொல்லி எழுதவில்லை. தண்ணி வார்க்கிற சடங்கை ஆறுதலாகச் செய்வோம். அவசரப்பட்டு வராதே.

அக்கா

*

கண்டாவளை,
07.04.2025

என் அன்பான சித்திக்கு,

சாரங்கா எழுதுகிறேன். நான் நல்ல சுகம், அதுதான் பிரச்சினை. நான் பெரியபிள்ளை ஆகவில்லை சித்தி.

ஊசி போடுகிற அன்று காலையில் அம்மா சப்பாத்தைக் கழற்றச் சொன்னா. "ஆர் கேட்டாலும் நீ வாயைத் திறக்காத" என்று சொல்லி அறைக்குள் விட்டா. பிறகு ரீச்சருக்குப் போன் எடுத்து நான் பெரியபிள்ளை ஆகிவிட்டேன் என்று சொன்னா. ரீச்சர் வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். அதற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்களாம்.

ஆனால் மாமி கேள்விப்பட்டு நல்லெண்ணெய்ப் போத்தலும் ஊர்முட்டைகளும் உழுத்தம்மாவும் கொண்டு ஓடி வந்துவிட்டா. ஒவ்வொரு காலையும் பச்சை முட்டை குடிக்க வேண்டும். எனக்கு ஓங்காளம் வருகிறது. மாமி தண்ணி வார்க்க நாள் பார்த்துவிட்டா, வீடியோக்காரனுக்கும் சொல்லிவிட்டா. அம்மா குசினிக்குள் போய் நெற்றியில் அடிக்கிறா. அப்பாவுக்கும் உண்மை தெரியாது. அவர் என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டு வெளியே போகிறார்.

அம்மா சொல்கிறா, ஊசி போட்டால் எனக்குப் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காதாம். உண்மையா சித்தி? நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்.

இதைத் தனுஷா தபாலில் போடுவாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். நீங்கள் ஏன் வரவில்லை?

உங்கள் சாரங்கா

*

தெல்லிப்பழை,
22.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளை பெரியபிள்ளை ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று துருவ வேண்டாம். ஒரே பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆகியிருக்க, சொந்தச் சித்திக்கு "வராதே" என்று எழுதுகிற அக்கா நீங்கள் இல்லை. உங்களுக்குப் பொய் சொல்ல வராது.

எனக்கு நன்றாக வருகிறது. மேலே எழுதியிருக்கிற ஊரைப் பாருங்கள். பயிற்சி ஒன்றும் இல்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே எங்கள் சனம் என்ன வருத்தம் என்று கேட்பதில்லை, எந்த இடத்தில் என்றுதான் கேட்கும். கருப்பைக் கழுத்தில், அக்கா. மார்கழியில் தெரிய வந்தது. கரண்ட் பிடிக்கிறார்கள், அதுதான் கதிர் வைத்தியம், மருந்தும் ஏற்றுகிறார்கள். குணப்படுத்தலாம் என்கிறார் டொக்டர். இன்னும் வேளைக்கு வந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

முப்பத்தைந்து வயதான பெண்களை வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டவள் நான். எனக்கு முப்பத்தைந்து வந்தபோது நான் போகவில்லை. பரிசோதிக்கிற மிஸ்ஸியோடு தினமும் ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறேன். அவவுக்கு முன்னால் எப்படிப் படுப்பது என்று வெட்கம். அதுவும் யுத்தத்தில் என்னவர் காணாமல் போன பிறகு எனக்கு எதற்கு இந்தச் சோதனை என்று ஒரு எண்ணம். அவரோடு வாழ்ந்த அந்தக் கொஞ்சக் காலம் போதுமாக இருந்திருக்கிறது.

சாரங்காவுக்குப் பிள்ளை பிறக்கும், அக்கா. அதை நான் அவளுக்கும் எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டிலுக்கு அவள் வரக்கூடாது.

இதை யாருக்கும் சொல்லாதீர்கள். அத்தானுக்கும் வேண்டாம். புருஷன் இல்லாதவளுக்கு அந்த இடத்தில் வருத்தம் என்றால் சனம் என்ன கணக்குப் போடும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருத்தத்தைவிட இதற்குத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சுதா

*

கண்டாவளை,
20.05.2025

என் தங்கச்சிக்கு,

நீ இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டாயா? வாந்தி குறைந்ததா? நான் தந்துவிட்ட தேசிக்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாவது கஞ்சி குடி.

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது நான் ஒன்றும் கதைக்கவில்லை. தோடம்பழம் உரித்துக்கொண்டே இருந்தேன். நீ தின்ன மாட்டாய் என்று தெரிந்தும் எல்லாவற்றையும் உரித்தேன். வாய் திறந்தால் அழுகை வரும், பக்கத்துக் கட்டில்காரி என்ன ஏது என்று கேட்பாள். உலகத்தில் இருக்கிற எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன், நீ மெலிந்துகொண்டு போனதைப் பார்க்கவில்லை. எனக்கு உன்மேல் சரியான கோபம். என்னை விட்டுவிட்டு எவ்வளவு நாள் தனியாக அந்த பஸ்ஸில் போய் வந்திருக்கிறாய்.

வீட்டுக்கு வந்த மறுநாளே பள்ளிக்கூடம் போய்ப் பிரின்சிபலிடம் சொன்னேன். "சேர், நான் பொய் சொன்னனான். பிள்ளை இன்னும் ஆகேல்லை." அந்த மனிதர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாளிடம் சொன்னேன். அவ எண்ணெய்ப் போத்தலைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "இப்பிடியொண்டில ஆரும் பொய் சொல்லுவினமே? பிள்ளைக்கு என்னவோ நடந்திட்டுது, தாய் மூடுறாள்" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனா. பொய் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்ன பிறகு ஒருவரும் நம்பவில்லை. உன் அத்தான் இரண்டு நாள் தானே தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார். பிறகு, "பிள்ளையின்ர முகத்தைப் பார்த்துக் கதைக்க விட்டியே, அது போதும்" என்றார்.

விடுபட்ட பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். சும்மா கையை நீட்ட விட்டேன் என்று நினைக்காதே. ஊசி போடுகிற மிஸ்ஸியிடம் "போத்தலைக் காட்டுங்கோ" என்றேன். காட்டினா. திகதியைப் பார்த்தேன். "உங்கட பிள்ளைக்கும் போட்டனீங்களோ?" என்று கேட்டேன். "எனக்கு ரெண்டும் பொடியள் அக்கா" என்றா. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு தன் தமையனின் மகளுக்குப் போட்டதாகச் சொல்லிப் போனில் படமும் காட்டினா. அதற்குப் பிறகுதான் விட்டேன். கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னா, ஒருவரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. சாரங்கா அழவில்லை. கை கொஞ்சம் நொந்தது, பின்னேரம் சைக்கிள் ஓடப் போய்விட்டாள்.

ஊசியில் எனக்கு இன்னும் அரைச் சந்தேகம் கிடக்கிறது. உன்னில் இல்லை.

யாருக்கும் சொல்லவில்லை. அத்தானுக்கும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்கு ஏன் போகிறாய் என்று கேட்டார், கண்ணாடி மாற்ற என்றேன்.

உன் அக்கா

*

ஓமந்தை,
12.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். சோறு இறங்குகிறது. ஊறுகாய் முடிந்துவிட்டது, இதைவிட நல்ல செய்தி உங்களுக்கு வேண்டுமா? கரண்ட் பிடித்து முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போய்க் காட்ட வேண்டும். நடந்தால் கால் நடுங்குகிறது, அதற்கும் காலம் வேண்டுமாம்.

கார்த்திகையில் சாரங்காவின் இரண்டாவது ஊசி. மறக்காதீர்கள். அவளுடைய வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போட்டுவிட்டார்களா?

கண்ணாடி மாற்றப் போனவ கண்ணாடி மாற்றினாவா என்று அத்தான் பார்க்கவில்லையா?

சுதா

*

கண்டாவளை,
17.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது, விதைப்பு நடக்கிறது, எல்லோரும் சுகம். குளிர் தண்ணீரில் குளிக்காதே.

நீ கேட்டாய், வகுப்பில் எல்லோரும் போட்டுவிட்டார்களா என்று. இல்லை. கொஞ்சப் பேர் போடவில்லை. என்னுடைய பொய்யைப் பார்த்து இரண்டு தாய்மார் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அந்தத் தாய்மாருக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். டொக்டர் நன்றாகத்தான் விளங்கப்படுத்தினா. ஒருவரும் அசையவில்லை. நான் எழும்பி, "என்ர பிள்ளைக்குப் போட்டனான், சுகமா இருக்கிறாள்" என்றேன். பின்னால் இருந்து ஒருத்தி, "உங்கட தங்கச்சி அதுக்குள்ள வேலை செய்யிறா, நீங்கள் வேற என்னத்தைச் சொல்லுவீங்கள்?" என்றாள். இன்னொருத்தி, "போனமுறை சொன்ன மாதிரி இதுவும் பொய்யோ?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நான் விதைத்ததுதானே.

பிறகு தனுஷாவின் தாய் கேட்டாள். அவளுக்குக் கடைசிப் பெண்ணும் தரம் ஆறு. "இந்த வருத்தம் வரும் வரும் எண்டுறீங்கள். ஆருக்கு வந்தது? எங்கட சனத்துக்குள்ள ஒருத்தியைக் காட்டுங்கோ பாப்பம்." டொக்டர் ஏதோ எண்ணிக்கை சொன்னா. அவள் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, சுதா. உன் பெயர் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உனக்குச் சொன்ன சொல்லை மீறவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது தனுஷாவின் அந்தத் தங்கச்சி மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தாள், சாரங்காவின் உயரம்தான் இருப்பாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

கார்த்திகை பதின்மூன்றாம் திகதி வியாழக்கிழமை திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுதான் கடைசிக் கூட்டமாம். நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

அக்கா

*

கண்டாவளை,
02.11.2025

தங்கச்சி,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா, கோபமா? ஒவ்வொரு நாளும் தபால்காரனை மறித்துக் கேட்கிறேன், அவன் என்னைக் கண்டால் இப்போது மற்றப் பாதையால் போகிறான்.

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. கேட்கவில்லை என்று எழுதினேன், கேட்டுத்தான் எழுதினேன். அது பிழை. உன்னுடைய மானம் உன்னுடையது, அதை யாருடைய பிள்ளைக்காகவும் எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. சனத்தின் வாய் எப்படி என்று இந்த வருடம் நான் பட்டுப் பார்த்தவள். நான் ஒரு பொய்க்குப் பட்டேன். நீ ஒரு பிழையும் செய்யாமல் படுவாய்.

சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. பயமாக இருக்கிறது. வேண்டுமானால் போனிலேயே எடு, எவன் கேட்டாலும் கேட்கட்டும்.

அக்கா

*

ஓமந்தை,
08.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கோபம் இல்லை. தெல்லிப்பழைக்குக் காட்டப் போயிருந்தேன், இதுவரைக்கும் நல்லது என்கிறார்கள். உங்களுடைய இரண்டு கடிதமும் வீட்டுக் கதவுக்குக் கீழே கிடந்தன.

மூன்று நாள் யோசித்தேன். முதல் நாள் உங்களைத் திட்டினேன். இரண்டாம் நாள் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தாவே, நீங்கள் பார்த்துப் பயந்த அந்த அக்கா, அவ போன மாதம் செத்துவிட்டா. அவவின் வீட்டிலும் என்ன வருத்தம் என்று வெளியே சொல்லவில்லையாம், வயிற்றுக் கட்டி என்று சொல்லித்தான் சவத்தை எடுத்தார்களாம். அங்கே படுத்திருந்த எல்லோரும் அப்படித்தான், அக்கா. எல்லோரும் வேறு ஏதோ ஒரு வருத்தத்தைத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். பிறகு தனுஷாவின் தாய் யாரைக் கண்டு நம்புவாள்?

நீங்கள் சொல்ல வேண்டாம். உங்களை ஒருவரும் நம்பவும் மாட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அத்தானை மோட்டார்சைக்கிளோடு பரந்தன் சந்தியில் நிற்கச் சொல்லுங்கள், எதற்கு என்று இன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டு வையுங்கள். கனநேரம் நின்று கதைக்க இன்னும் ஏலாது.

உங்கள் சுதா